பணியில் இருந்தவர்

யுவராணிக்கு அரசாங்கம் கொடுத்திருந்த வேலை, ஒன்றும் தெரியாமல் இருப்பது.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஒன்பது வருடமாக அவள் அந்த வேலையைத்தான் பார்த்துவந்தாள். காலை பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு மாலை ஐந்தே முக்கால் வரைக்கும் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். வேலூரில் வெப்பக் காப்பு இயக்ககத்தின் மூன்றாவது மாடிக் கடைசியில் அவளுக்கென்று தனி அறை. மேசை, மின்விசிறி, தண்ணீர் கேன், ஒரு ஜன்னல். கணினி கிடையாது, ஃபைல் கிடையாது. கதவில் ‘குழுப் பதில் அலுவலர்’ என்று பலகை. யார் வந்தாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார்கள். மரியாதை என்று நினைத்துவிடக் கூடாது. தங்களுக்குள் பேசிக்கொண்டு வந்ததை நிறுத்திக்கொள்ள அது ஒரு அவகாசம்.

எல்லாம் அந்த நாற்காலி செய்த வேலை. சட்டமன்றக் குழுக்களுக்கு அது வந்து பதினைந்து வருடம் ஆகிறது. துறையின் செலவையும் ஆள் பலத்தையும் குழு விசாரிக்கும்போது, பதில் சொல்லும் அதிகாரி அதில் உட்கார வேண்டும். மணிக்கட்டை அதன் கைப்பிடியில் வைக்க வேண்டும். தலைக்கு மேலே ஒரு விளக்கு. மனசறிந்து சொன்னால் பச்சை, மனசுக்கு விரோதமாகச் சொன்னால் சிவப்பு. முதல் வருடத்தில் நாலு இயக்குநர்களும் ஒரு செயலாளரும் வசமாக மாட்டினார்கள். இனி அரசாங்கம் சுத்தமாகிவிடும் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. இரண்டாம் வருடமே எல்லாத் துறைகளும் மருந்து கண்டுபிடித்துவிட்டன. நம் ஆட்களைப் பற்றி என்ன நினைத்தீர்கள்?

யுவராணியின் கணவன் திலீபன் அதே இயக்ககத்தில் எலெக்ட்ரீசியனாக இருந்து, மின்கம்பத்திலிருந்து விழுந்து இறந்தவன். கருணை அடிப்படையில் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். சேர்ந்த அன்று கண்காணிப்பாளர் புருஷோத்தமன்தான் அவளை உட்காரவைத்து விளக்கினார். நல்ல மனுஷர், குரல் எப்போதும் தாழ்ந்தே இருக்கும்.

“யுவராணிம்மா, அந்த நாற்காலி பொய்யக் கண்டுபிடிக்காது. ஒங்களுக்குத் தெரிஞ்சதுக்கும் நீங்க சொல்றதுக்கும் வித்தியாசம் இருந்தா, அதத்தான் கண்டுபிடிக்கும். ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியலன்னு வைங்க, வித்தியாசம் எங்கேர்ந்து வரும்?”

“அப்ப நான் என்ன சார் செய்யணும்?”

“கூட்டத்துக்கு மொத நாள் ரோஸ் கலர்ல ஒரு ஃபோல்டர் தருவோம். படிங்க. நம்புங்க. மறுநாள் போய் அதையே சொல்லுங்க. பச்ச எரியும். வீட்டுக்குப் போயிடலாம்.”

“சிவப்பு எரிஞ்சிட்டா சார்?”

புருஷோத்தமன் கதவைப் பார்த்துக்கொண்டார். “எரியக் கூடாதும்மா. எரிஞ்சா அந்தப் பதிலுக்கு உண்டான அத்தன ஃபைலும் அந்த நிமிஷமே பூட்டிக்கும். கம்ப்யூட்டர்ல இருக்கறது, பீரோல இருக்கறது, எல்லாம் சீல் ஆயி நேரா பேரவைத் தலைவர்கிட்ட போயிடும். அப்புறம் யாரு நெனச்சாலும் ஒரு எழுத்த மாத்த முடியாது.”

“சொன்ன ஆளு?”

“வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பொய் சாட்சிக் கேசு தனி.”

அன்றிலிருந்து அவள் வாழ்க்கையில் ஒரு துறை இல்லாமல் போனது. அவள் மேசைக்கு வரும் செய்தித்தாளில் இயக்ககச் செய்திகள் இருந்த இடத்தை ஜன்னல் ஜன்னலாக வெட்டியிருக்கும். சாப்பாட்டு அறைக்குள் அவள் டிபன் டப்பாவோடு நுழைந்தால் பேச்சு சட்டென்று சினிமாவுக்கு மாறிவிடும். அவளுக்கு அலுவலகம் வைத்த பெயர் ‘வெள்ளைத்தாள்’. ஊரெல்லாம் கோடையில் ஒதுங்கும் வெப்பத் தஞ்ச மனைகளுக்குள் அவள் மட்டும் காலெடுத்து வைக்கக் கூடாது. தஞ்ச மனை என்பது அரசாணையில்தான். ஜனங்களுக்கு அது ஏசி கொட்டாய். வெயில் நாற்பத்தாறைத் தாண்டினால் சங்கு ஊதும், வீட்டில் குளிர்சாதனம் இல்லாதவர்கள் பாயும் தண்ணீர் பாட்டிலுமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பார்கள், மாலை ஐந்துக்குக் கிளம்புவார்கள். ஒவ்வொரு கொட்டாய்க்கும் ஒரு பணியாளர் காவல்.

சொல்லப்போனால் அவளுக்கு இந்த வேலை பிடித்துப்போயிருந்தது. அரசு குடியிருப்பில் வீடு, ஒன்றாம் தேதி சம்பளம், மகள் நேத்ரா நர்சிங் கடைசி வருடம். தலையில் எந்தப் பாரமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரிகள் பொறாமைப்பட்டார்கள். இந்தச் செவ்வாய்க்கிழமை சட்டமன்ற மதிப்பீட்டுக் குழு வேலூருக்கே வருகிறது என்று சுற்றறிக்கை வந்தபோதுகூட அவள் புடவைக்கு இஸ்திரி போடுவதைத் தவிர வேறெதையும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு உழவர் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். யாரோ அவள் மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

“நீ யுவராணி தான?”

முப்பது வயதிருக்கும். வெளுத்த சுடிதார், தூங்காத கண்.

“ஆமா. நீங்க யாரு?”

“எம்பேரு வெண்ணிலா. பாலாத்தங்கர. எங்கப்பா பேரு ரேணு, சித்தாள் வேல செஞ்சவரு. மே மாசம் பதினாலாந்தேதி, நீ டூட்டில இருந்த கொட்டாயிலதான் செத்தாரு.”

“ஆள் மாத்திப் பேசறீங்க. நான் ஆபீஸ்ல வேல செய்றவ.”

வெண்ணிலா கையை விடவில்லை. இன்னொரு கையால் கைபேசியை எடுத்து நீட்டினாள். ஒரு கதவு, பக்கத்தில் மின்பலகை. ‘தஞ்ச மனை எண் 23. இப்போது பணியில்’ என்று எழுத்து. அதன்கீழே யுவராணியின் முகம், லேசாகச் சிரித்தபடி. அதற்கும் கீழே அவளுடைய பெயர், அவளுடைய பணியாளர் எண்.

“மணி ரெண்டுக்கு கரெண்டு போச்சு,” என்றாள் வெண்ணிலா. “கரெண்டு போனா கதவு அப்டியே இறுக்கிக்குது. தொறக்கற சாவி டூட்டிக்காரங்க கையிலதான் இருக்குமாம். உள்ள பதினோரு பேரு. தட்டுறாங்க, கத்துறாங்க. வெளிய நாங்க டூட்டிக்காரம்மா எங்கன்னு தேடறோம். போர்டுல நீ சிரிச்சிக்கினு கீற. கடப்பாறைய எடுத்தாந்து ஒடைக்கறதுக்குள்ள முக்கா மணி நேரம் ஆயிடுச்சு. பத்து பேரு மயங்கிக் கெடந்து எழுந்துட்டாங்க. எங்கப்பா எழுந்துக்கல. நெஞ்சு வலின்னு எழுதி மூடிட்டாங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். எங்க போன நீ?”

யுவராணி வாயைத் திறந்தாள். நான் அங்கே போகவே கூடாது, அது விதி என்று சொல்ல வந்தாள். அதை எப்படி இந்தப் பெண்ணிடம் சொல்வது? தக்காளிப் பையை அங்கேயே வைத்துவிட்டு நடந்தாள். பின்னாலிருந்து வெண்ணிலா திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. அவள் திட்டவில்லை.

மறுநாள் மதியம் ஒன்பது வருட விதியை மீறி யுவராணி பாலாற்றங்கரைக்குப் போனாள். வெயில் நாற்பத்தேழு. இருபத்து மூன்றாம் கொட்டாயில் புதுக் கதவு போட்டிருந்தார்கள். பலகையில் அவள் முகம். ‘இப்போது பணியில்.’ நான்கு தெரு தள்ளி இருபத்து நான்காம் எண். அங்கேயும் அவள்தான். பேருந்து பிடித்துப் போய் முப்பத்தொன்றாம் எண்ணையும் பார்த்தாள். அங்கே அவள் தலைமுடி கொஞ்சம் கூடுதலாகக் கறுத்திருந்தது. ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய படம்.

அடையாள அட்டைக்கு என்று ஒவ்வொரு ஜனவரியிலும் அவளை உட்காரவைத்துப் படம் எடுப்பார்கள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சிரித்த மாதிரி ஒன்று. அட்டை மட்டும் மாறியதே இல்லை.

முப்பத்தொன்றின் கதவை அவள் மெல்லத் திறந்து பார்த்தாள். சில்லென்ற காற்றோடு ஈரப்பாயின் வாடை. முப்பது பேர் படுத்திருந்தார்கள். காவல் என்று ஒருவரும் இல்லை. வாசலோரம் படுத்திருந்த ஒரு பெண் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள், பிறகு பலகை இருந்த பக்கம் பார்த்தாள்.

“டூட்டிம்மாவா? இத்தினி வருஷத்துல இப்பதான் வந்து கீறீங்க. வந்ததுதான் வந்தீங்க, அந்த பாத்ரூம் கொழாய கொஞ்சம் பாத்துட்டுப் போங்க, ஒழுகிக்கினே கீது.”

யுவராணி குழாயைப் போய்ப் பார்த்தாள். வேறென்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. திருகி மூடிவிட்டு வெளியே வந்து, பலகையில் தன் பெயரை மறுபடி படித்தாள். கரண்ட் இப்போது போனால் இந்த முப்பது பேருக்கும் அவள்தான் பொறுப்பு. அவள் கையில் சாவி இல்லை. சாவி எப்படி இருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அன்று மாலைக்குள் இன்னும் எட்டு கொட்டாய்களில் தன் முகத்தைப் பார்த்துவிட்டாள். மொத்தம் பதினொன்று.

திங்கட்கிழமை முதல் வேலையாகப் புருஷோத்தமனிடம் போனாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவர் எழுந்துவிட்டார்.

“சார், ஒரு விஷயம்.”

“எங்கிட்ட சொல்லாதம்மா. ஒனக்குக் கும்புடு போடறேன். ரிடையர்மென்ட்டுக்கு நாலு மாசம்தான் இருக்கு.” ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவளை ஒருமையில் பேசினார். “டைரக்டர்கிட்ட போ.”

இயக்குநர் கௌதமன் கோபப்படுகிற ஆள் இல்லை. அவளை உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார், கதவைத் தாளிட்டார்.

“சார், என் மொகம் எத்தன கொட்டாயில…”

“எத்தனன்னு எங்கிட்ட சொல்லாதீங்கம்மா. நாளைக்கு நானும் அந்த ஹால்லதான் ஒக்காந்திருக்கணும்.”

“எதுக்கு சார் என்னப் போட்டீங்க?”

அவர் காபியை ஆற்றினார். “காலியிடம் காட்டினா அடுத்த வருஷம் அந்தப் பணியிடத்தையே ரத்து பண்ணிடுவாங்க. ஆள் எடுக்கவும் அனுமதி தர மாட்டாங்க. ரெண்டுக்கும் நடுவுல ஆபீஸ் ஓடணும் இல்லயா? செத்தவங்க மொகத்தப் போட்டா கம்ப்யூட்டர் தானா நீக்கிடுது. உயிரோட இருக்கணும், சர்வீஸ்ல இருக்கணும், கொட்டாய் பக்கமே போகாத ஆளா இருக்கணும். யாரு மிச்சம்? இது எனக்கு முன்னாடி இருந்தவர் செஞ்ச ஏற்பாடு. நான் வந்தப்பவே இப்படித்தான் இருந்துது.”

அவள் தன் காபியைத் தொடாமல் தள்ளிவைத்தாள்.

“நான் நாளைக்கு வரல சார். ஒடம்பு சரியில்லன்னு லீவு போட்டுடறேன்.”

“வேற யாரப் போய் அனுப்பறது? இந்த ஆபீஸ்ல நூத்தி எண்பது பேரு. ஒண்ணும் தெரியாதவங்க நீங்க ஒருத்தர்தான்.”

அப்படியானால் மற்ற நூற்று எழுபத்தொன்பது பேருக்கும் தெரியும். தினமும் அவளுக்கு வணக்கம் சொன்னவர்கள், பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தவர்கள், நேத்ராவுக்கு காலேஜ் சீட் கிடைத்தபோது ஸ்வீட் கேட்டு வாங்கித் தின்றவர்கள்.

“அப்ப உண்மையச் சொல்லிடறேன் சார்.”

“சொல்லுங்க. என்னன்னு சொல்லுவீங்க? இருபத்திமூணுல நான் இல்லன்னு சொல்லுவீங்க. பச்ச எரியும். ஃபோல்டர்ல இல்லாதத சாட்சி பேசினா குழுத் தலைவர் குறிப்புலேர்ந்து எடுத்துடச் சொல்லுவாரு. அது எப்பவும் நடக்கறதுதான். ஃபைலும் எங்கிட்டயே இருக்கும். அதுக்கப்புறம் போலீஸ் வரும். பதிவேட்டுல இருக்கறது ஒங்க பேரு. வருகை போட்டது ஒங்க மொகம். டூட்டில இருக்க வேண்டியவங்க ‘நான் போகல’ன்னு சட்டமன்றக் குழு முன்னாடியே ஒத்துக்கிட்டீங்க. அஜாக்கிரதையால சாவு, அஞ்சு வருஷம். கோர்ட்டுல அந்த விளக்கோட பச்ச செல்லாதும்மா, அங்க காகிதம்தான் பேசும். மத்த பத்து கொட்டாயிலயும் சாயங்காலத்துக்குள்ள வேற மொகம் ஏறிடும்.”

எத்தனை என்று சொல்லாதே என்றவர் பத்து என்று சரியாகச் சொன்னார். அவள் அதைக் கவனித்தாள். அவள் கவனித்ததை அவரும் கவனித்தார். அப்புறம் மேசைமேல் இருந்த ரோஸ் ஃபோல்டரை அவள் பக்கம் நகர்த்தினார்.

“பயப்படாதீங்க. ஒரே ஒரு வார்த்த. ஒவ்வொரு பதிலுக்கும் முன்னாடி ‘கோப்பின்படி’ன்னு சேத்துக்குங்க. கோப்புல அப்படித்தான எழுதியிருக்கு? அது உண்மதான? பச்சதான் எரியும். நாளையோட முடிஞ்சிடும், அடுத்த மாசமே ஒங்கள வேற சீட்டுக்கு மாத்திடறேன். பொண்ணு கடைசி வருஷம் இல்ல? குவார்ட்டர்ஸ இந்த நேரத்துல காலி பண்ணச் சொன்னா எங்க போவீங்க, பாவம்.”

அந்தப் பாவத்தை அவர் மனசாரச் சொன்னார். நாற்காலியில் உட்காரவைத்திருந்தால் பச்சைதான் எரிந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஆட்சியர் அலுவலகக் கூட்டரங்கில் குழு கூடியது. நாற்காலி தனி வேனில், இரண்டு காவலர்களோடு வந்து இறங்கியது. வாசல் படியில் வெண்ணிலா மனுவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சேலை சரசரக்க உள்ளே போன யுவராணியை அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைச் சனிக்கிழமையே கேட்டுவிட்டாள்.

குழுத் தலைவர் ராஜ்மோகன் பழைய ஆள், நாலு தடவை எம்.எல்.ஏ. உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர். ஆம்பூரிலிருந்து மதியச் சாப்பாடு வந்து இறங்கிய வாசனை ஏற்கெனவே அரங்குக்குள் வந்துவிட்டதால் யாருக்கும் கேள்வியில் பெரிய ஆர்வம் இல்லை. யுவராணி மணிக்கட்டைக் கைப்பிடியில் வைத்தாள். உலோகம் குளிர்ந்திருந்தது. கௌதமன் எதிர் வரிசையில் அவளைப் பார்க்க வாகாக உட்கார்ந்திருந்தார்.

பராமரிப்புச் செலவு எவ்வளவு? கோப்பின்படி இவ்வளவு. பச்சை. ஜெனரேட்டர்கள் எல்லாம் ஓடுகின்றனவா? கோப்பின்படி ஓடுகின்றன. பச்சை. இருபது நிமிடம் இப்படியே போனது. அந்த ஒரு வார்த்தை எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று அவளுக்கே ஆச்சரியம். சொல்லச் சொல்ல நாக்கில் வழவழவென்று ஓடியது. இன்னும் அரை மணி நேரம். அப்புறம் வீடு, நேத்ரா, வேறொரு சீட்.

“பணியாளர் நிலவரம் சொல்லுங்கம்மா,” என்றார் தலைவர்.

“கோப்பின்படி, அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் ஆயிரத்து இருநூற்று நாற்பது. நிரப்பப்பட்டவை ஆயிரத்து இருநூற்று நாற்பது. காலியிடம் இல்லை.”

பச்சை. “பரவால்லயே,” என்று தலைவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். “எந்தத் துறையிலயும் நான் இப்படிக் கேட்டதில்ல.”

கடைசி வரிசையில் அஸ்மா என்ற உறுப்பினர் கை தூக்கினார். முதல் தடவை எம்.எல்.ஏ., பாலாற்றங்கரை அவர் தொகுதி. “இருபத்து மூணாம் தஞ்ச மனையில மே பதினாலாம் தேதி ரேணுங்கறவர் இறந்திருக்கார். வாசல்ல அவர் பொண்ணு மனுவோட ஒக்காந்திருக்கு. அன்னிக்கு அங்க டூட்டில யாரும்மா? பேரு வேணும்.”

பெயர்ப் பட்டியல் ஃபோல்டரின் கடைசியில் பிற்சேர்க்கையாக இருந்தது. அதைத் தட்டச்சு செய்தவர்கள், படிக்கப்போவது யார் என்பதை யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு பெயரைப் போட்டிருப்பார்கள். பட்டியல் ஒரு பிரிவு, ஃபோல்டர் இன்னொரு பிரிவு. ஒரு பிரிவு இன்னொரு பிரிவைக் கேட்கிற வழக்கம் அந்த அலுவலகத்தில் இல்லை.

“கோப்பின்படி, தி. யுவராணி.”

பச்சை. அஸ்மா தன் முன்னால் இருந்த தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “சாட்சி பேரும் தி. யுவராணின்னு போட்டிருக்கே. வேற யுவராணியா?”

“நான்தாங்கம்மா.”

பதிவேட்டில் இருப்பது அவள்தானே. பச்சை. சாப்பாட்டு நினைப்பில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கௌதமன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

“அப்ப நீங்க அன்னிக்கு அங்க டூட்டில இருந்தீங்களா?”

கௌதமனின் உதடு அசைந்தது. கோப்பின்படி. சத்தமில்லாமல், பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எடுத்துக்கொடுப்பதைப் போல. அந்தச் சொல்லைச் சொன்னால் அவள் பிழைத்தாள், ரேணு நெஞ்சு வலியில் செத்தவராகவே இருப்பார், பதினோரு கொட்டாயிலும் அவள் முகமோ வேறொருத்தி முகமோ சிரித்துக்கொண்டிருக்கும். இல்லை என்று சொன்னால் அதுவும் பச்சைதான், தலைவர் அதை எடுத்துவிடச் சொல்வார், ஃபைல் கௌதமன் கையிலேயே இருக்கும், அவள் ஜெயிலுக்குப் போவாள். இரண்டு பச்சைக்கும் நடுவே அவள் மாட்டிக்கொண்டிருந்தாள். முப்பது பேர் படுத்திருந்த அறையின் ஈரப்பாய் வாடை அவளுக்கு ஞாபகம் வந்தது. அவர்களில் ஒருவருக்காவது தங்களுக்குக் காவல் யாரும் இல்லை என்பது தெரியுமா? நேத்ராவுக்கு இன்னும் எட்டு மாதம் படிப்பு இருக்கிறது. மன்னிச்சிடும்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

“இருந்தேங்கம்மா,” என்றாள் யுவராணி.

விளக்கு சிவப்பாக எரிந்தது.

பதினைந்து வருடத்தில் முதல் வருடத்துக்கு அப்புறம் யாரும் பார்த்திராத நிறம் அது. யுவராணி நிறுத்தவில்லை. எந்தப் பதிலுக்குச் சிவப்போ அந்தப் பதிலின் ஃபைல்தான் பூட்டும். அதனால் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது.

“அதே நேரத்துல இருபத்தி நாலாம் நம்பர்லயும் நான்தான் டூட்டில இருந்தேன். முப்பத்தொண்ணுலயும் இருந்தேன். முப்பத்தி எட்டுல இருந்தேன்.”

சிவப்பு. சிவப்பு. சிவப்பு. பதினொன்றையும் சொல்லி முடித்தாள். மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. கௌதமன் எழுந்தார், கைபேசியில் எதையோ தட்டினார், எந்த ஃபைலும் திறக்கவில்லை. மறுபடி உட்கார்ந்தார். இயக்ககத்தின் மூன்று மாடியிலும் இந்நேரம் திரைகள் ஒவ்வொன்றாக உறைந்திருக்கும், பீரோக்கள் பூட்டிக்கொண்டிருக்கும். காவலர் இருவரும் வந்து அவள் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

முடிந்தது என்றுதான் யுவராணி நினைத்தாள். வேலை போய்விட்டது, வீடு போய்விட்டது. ஆனால் ஒரே நேரத்தில் அவளைப் பதினோரு இடத்தில் காட்டும் அந்த ஃபைல்களே அவள் அங்கே இல்லை என்பதற்கு அத்தாட்சி, இனி யாரும் அவற்றைத் திருத்த முடியாது. ரேணுவின் சாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்வார்கள். பயம் இருந்தாலும் மனசு லேசாக இருந்தது.

குழுவின் செயலாளர் ஒரு பழுப்பேறிய விதிப் புத்தகத்தைத் தலைவர் முன்னால் விரித்து ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“சிவப்பு எரிஞ்சா சாட்சிகிட்ட நான் ஒரு கேள்வி கேட்டாகணுமாம். கேட்டுடறேன்மா.” அவர் குரலில் கடுமை இல்லை. “நீங்க அங்க டூட்டில இருந்ததா பொய்யா பதிவு ஆகியிருக்குங்கறது ஒங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“சனிக்கிழமலேர்ந்துங்க ஐயா. வாசல்ல ஒக்காந்திருக்குதே, அந்தப் பொண்ணு சொல்லித்தான் தெரியும். அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணுமே தெரியாது.”

சொல்லிவிட்டுக் கைப்பிடியிலிருந்து மணிக்கட்டை எடுக்கப் போனாள். தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் பார்வை அவள் தலைக்கு மேலே இருந்தது. அவளும் அண்ணாந்து பார்த்தாள்.

சிவப்பு.

மிஷினில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். சத்தியமாக அவளுக்குத் தெரியாது. அதுதானே அவள் வேலை. ஒன்பது வருடம் அதைத்தானே செய்தாள். மறுபடியும் சொன்னாள், இந்தத் தடவை குரல் கொஞ்சம் உயர்ந்தது. “சனிக்கிழமைக்கு முன்னாடி எனக்குத் தெரியாதுங்க ஐயா.”

சிவப்பு அப்படியே எரிந்தது. கௌதமன்கூட நிமிர்ந்து பார்த்தார்.

யுவராணி கண்ணை மூடிக்கொண்டாள். அஸ்மா தண்ணீர் கொடுக்கச் சொன்னார், அவள் வாங்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் தலைவரைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது.

“ரெண்டு வருஷம் முன்னாடி ஐயா, எங்க ஆபீஸ்ல புதுசா ஒரு பொண்ணு சேந்துது. ஒரு நாள் மத்தியானம் அழுதுக்கினே என் ரூமுக்கு வந்துது. ‘அக்கா, ஒங்க போட்டோவ வச்சி இவங்க என்ன செய்றாங்க தெரியுமா’ன்னு ஆரம்பிச்சுது.”

“என்ன சொல்லிச்சும்மா?”

“சொல்ல விடலீங்க. தல வலிக்குது, கீழ போயி எனக்கு ஒரு டீ வாங்கியாந்து குடும்மான்னு காசு குடுத்து அனுப்பிட்டேன். அது திரும்பி வர்றதுக்குள்ள கதவ உள்ள தாள் போட்டுக்கினேன். மறுபடி அந்தப் பொண்ணு வரல. நானும் கூப்புடல.” அவள் இன்னும் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “அன்னிக்கு கேட்டிருந்தா ரேணு செத்திருக்க மாட்டாருங்க ஐயா.”

விளக்கு பச்சையானது. சுருக்கெழுத்தர் அதையும் குறித்துக்கொண்டார்.